குழலுக்கு ஊற்றிய தண்ணீர்

சொந்தமாக ரைபிளும் லைசென்ஸும் இருந்ததால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு எவனும் யூனிபார்ம் கொடுக்கமாட்டான். ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் முன்சீட்டில் ரைபிளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை. ஆள் முகம் பார்த்துப் பேசவே கூசுகிற எனக்கு அது தோதாக இருந்தது.

திருச்சுழிப் பக்கம் எங்கள் கடலைக்காட்டில் பன்றி விரட்ட அப்பா வாங்கி வைத்திருந்த ரைபிள் அது. அவர் போன பிறகு என் பேருக்கு மாறியது. வெளியே எண்ணெய் பூசித் துடைப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அப்பாவும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்காரர்கள் எங்களை மதுரைப் பக்கம் கூட்டிப்போய் அட்டையைக் குறிவைத்துச் சுடச் சொல்வார்கள். போன தடவை என் குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின. அடுத்த தடவையும் இப்படித்தான் என்றால் வேனில் ஏற வேண்டாம் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் ஒன்றும் கெட்டவரில்லை.

என்னோடு முறை மாற்றி வேனில் போகிறவர் காரியாபட்டிக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர். அவர் என் ரைபிளின் குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். உள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற வரிகளில் செம்பு அப்பிக் கிடந்தது. குண்டின் மேலுறை செம்பாம், சுடச் சுட ஒட்டிக்கொண்டே வருமாம். துணி விட்டுத் தேய்த்தால் போகாது, கரண்டில்தான் எடுக்க வேண்டும் என்றார். அதற்கான சாமானைப் பட்டாளத்து நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு என் வீட்டுக்கே வந்தார்.

அடுக்களை மூலையில் குழலை நிமிர்த்தி நிறுத்தி, அடிவாயை ரப்பர் கார்க்கால் அடைத்து, ஒரு மருந்துத் தண்ணீரை ஊற்றினார். நடுவில் பக்கச்சுவரைத் தொடாமல் ஒரு மெல்லிய கம்பி. குழலுக்கு ஒரு ஒயர், கம்பிக்கு ஒரு ஒயர், இரண்டும் சின்னப் பெட்டிக்குப் போயின. குழலில் இருக்கிற செம்பு கரைந்து கம்பியில் வந்து ஒட்டிக்கொள்ளும், மஞ்சள் விளக்கு பச்சையானால் முடிந்தது என்று அர்த்தம்.

"மருந்து கொறஞ்சா தண்ணி சேத்துக்கங்க தம்பி. கம்பி முங்கி நிக்கணும், அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

மத்தியானம் கார்க் ஓரமாக மருந்து கசிந்திருந்தது. பாட்டிலில் சொட்டுக்கூட மிச்சமில்லை. வீட்டுக்காரியிடம் தண்ணீர் கேட்டேன். டிரம்மில் ஒரு போகணி மொண்டு வந்து நீட்டினாள், நான் ஊற்றினேன். டிரம்மில் இருப்பது போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. வண்டிக்காரனிடம் குடக்கணக்கில் வாங்குகிற நல்ல தண்ணீர் அடுப்புப் பக்கத்தில் தட்டுப் போட்டு மூடியிருந்தது. அதன் பக்கம் அவள் கையும் போகவில்லை, என் நினைப்பும் போகவில்லை. குடிக்க, உலை வைக்க மட்டும்தான் அது. பாத்திரம் கழுவ, குளிக்க, மாட்டுக்குக்கூட டிரம்தான்.

கொஞ்ச நேரத்தில் குழல்வாயில் செங்காவியாக நுரை கட்டியது. எவ்வளவு அழுக்கு வருகிறது பார் என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மாமா காலத்து அழுக்குல்ல. அவரு குளிக்கிறதுக்கே நாள் பாப்பாரு" என்று அப்பாவைச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வருஷத்தில் நாங்கள் அப்படிச் சிரித்த நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

விளக்கு பச்சைக்கு மாறவே இல்லை. காரியாபட்டிக்காரருக்குப் போன் போட்டேன். அழுக்கு ஜாஸ்தி இருக்கும், கிடக்கட்டும் என்றார் அவர்.

மறுநாள் காலையில் அவர் வந்து கம்பியை உருவினார். செம்பு வந்திருந்தது, அதோடு துருச்சேறும் வந்தது. குழலைக் கழுவித் துடைத்து ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். வரிகள் நெடுக அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது.

என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டார். நான் டிரம்மைக் காட்டினேன். விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"உப்பும் கரண்டும் சேந்தா இரும்ப அரிச்சுரும் தம்பி. ஒரு போகணி நல்ல தண்ணி இல்லையா வீட்டுல?"

வீட்டுக்காரிதான் சொன்னாள். "இரும்புக்குப் போயி நல்ல தண்ணிய யாருண்ணே ஊத்துவா?"

காரியாபட்டியில் அவர் வீட்டுக் குழாயில் வருவதே நல்ல தண்ணீர்தான். எந்தத் தண்ணீர் என்று சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்காது. போகும்போது, நான் சொல்லியிருக்கணும் என்று வாசலில் நின்று ஒரு தரம் சொன்னார்.

சுடுகிற அன்று போன தடவையைவிட மோசமாகச் சிதறியது. இரண்டு குண்டு அட்டையிலேயே இல்லை. சூப்பர்வைசர் என்னைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்போது பந்தல்குடி ரோட்டில் ஒரு குடோன் வாசலில் விசிலோடு நிற்கிறேன். ரைபிள் வீட்டில் பூட்டி இருக்கிறது. குறி தப்பினாலும் அது ரைபிள்தான். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். விற்கலாம் என்றால், குழலுக்குள் பார்த்தவன் எவனும் மறுபடி வரவில்லை.

வீட்டுக்காரி அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் என் வாட்ச்மேன் சட்டையை நல்ல தண்ணீரில் அலசுகிறாள். ஈயப் பாத்திரத்தையும் அரிவாள்மனையையும்கூட அதில்தான் கழுவுகிறாள். வண்டி வருவதற்குள் குடம் காலியாகிவிடுகிறது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பேன். சட்டையைப் பிழிந்துகொண்டே அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்காக ரோட்டில் போய் நிற்பேன்.