அயர்ன் டேபிளுக்கு அடியில் இருந்த பேச்சி

இசக்கி அண்ணன் போய்விட்டார்... காலையில் அவர் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே, யாரையும் கூப்பிடாமல்.

பல மாதமாகப் படுக்கை. கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது.

தொண்ணூறுகளில் எங்கள் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அவருக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் செக்கிங்.

மனுஷன் ஒரு தேள் வளர்த்தார்! கையளவு கருந்தேள், பேர் பேச்சி. ரூமில் கூட இருந்தவர்கள் ஆகாது என்றதால், அயர்ன் டேபிளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்... உள்ளே நனைத்த பனியன் வேஸ்ட் துணி. அயர்ன் சூடு அதற்குப் பிடிக்கும் என்பார்.

டீ டைமில் பேச்சியின் உடம்பைப் பற்றித்தான் பேச்சு.

"வயசாயிட்டு தங்கச்சி. கரப்பானப் போட்டா முன்ன மாதிரி பாயமாட்டேங்கா, நான்தான் பிச்சுப் போடுதேன். பின்னங்கால் ஒண்ணு இழுக்கு. நெறமும் மங்கிட்டு."

"உங்க மாமியாளை இப்படிப் பாப்பீங்களாண்ணா?"

"பேச்சி கொட்டுதத விட்டுட்டால்லா... அவ இன்னும் விடலயே!"

ஒரு நாள் பார்த்தால் டப்பா காலி. மறுநாள் ஷிப்மென்ட்.

சூப்பர்வைசர் குதித்தார். "ஏனுங்க இசக்கி, பெட்டிக்குள்ள தேளு போச்சுன்னா நம்ம கதி என்னங்க? சாயந்தரத்துக்குள்ள கெடைக்கலைன்னா உங்களுக்கு இங்க வேலை இல்லீங்க."

அப்போதுதான் அண்ணன் மனைவியை ஊரிலிருந்து கூட்டி வந்து வீடு பிடித்திருந்தார். முகம் செத்துவிட்டது.

"கிழவி ஏறமாட்டா, ஓடமாட்டா... பக்கத்துலதான் கெடப்பா" என்றார். யாரும் நம்பவில்லை. குடோன், கேட் வரைக்கும் போய்த் தேடினார்கள்.

அயர்ன் டேபிளுக்கும் எங்கள் செக்கிங் ரூமுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். வெள்ளை பனியனில் வேறு நூல் கலந்திருக்கிறதா என்று பார்க்க, அந்த ரூமை இருட்டாக்கி ஊதா லைட் போட்டுப் பார்ப்போம்.

அன்றைக்கும் லைட்டைப் போட்டேன்... தடுப்புக்குக் கீழே, தரையில் விழுந்து கிடந்த பனியன் மேல், பச்சையாக மின்னிக்கொண்டு பேச்சி!

தேள் அந்த வெளிச்சத்தில் மின்னும் என்று இப்போது என் பேத்தி சொல்கிறாள். சயின்ஸ் படிக்கிறாள், காலேஜிலேயே முதல் மார்க். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. கத்திவிட்டேன்.

"அண்ணா... இங்கிருக்குதுங்க!"

ஓடி வந்து கையாலேயே எடுத்தார். அது வாலைக்கூடத் தூக்கவில்லை.

எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அண்ணன் அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. "பாத்தீயளா... நாலடி தாண்டல எங்கிழவி."

சூப்பர்வைசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு நீங்க மட்டும் வாங்க. அவிகளை ஊட்லயே உட்டுட்டு வாங்க."

வந்தார். மறுநாளும், அதற்கப்புறம் எத்தனையோ வருஷமும், அதே டேபிளுக்கு.

இத்தனை மாசம் படுத்துக் கிடந்தது போதுங்கண்ணா... இனி எந்திரிச்சு நடங்க.