பூ விழாத ரோடு

நான் கல்வராயன் மலைக்கு ஊழியத்துக்கு வந்தது யாழ்ப்பாணத்திலிருந்து. கடல் தாண்டிப் போகிற ஊழியக்காரர்களுக்கு வழக்கமாக மொழி தெரியாத தேசம்தான் வாய்க்கும். எனக்கு வாய்த்தது தமிழ் பேசுகிற வெளிநாடு. ஆனால் மலைக்காரர்களைக் கேட்டால், நான் பேசுவது தமிழே இல்லை. சிலோனம்மா வாயைத் திறந்தால் போதும், மருந்து வாங்க வந்தவர்கள் வலியை மறந்து சிரிப்பார்கள். நான் கொஞ்சம் கோபக்காரி. சிரித்தால் பெரிய ஊசியாகப் போடுவேன் என்று மிரட்டுவேன். அதற்கும் சிரிப்பார்கள்.

வேலை தினமும் ஒரே மாதிரிதான். காலையில் ஜெபம், பிறகு முன்னறையில் மருந்து கொடுப்பது, மத்தியானம் சாமைச் சோறு, மாலையில் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்க நடப்பது. இலங்கைக்காரி என்பதால் அவ்வப்போது கீழே இறங்கிப் போலீஸ் ஸ்டேஷனில் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நானும் பாட்டுப் புத்தகமும் இருப்போம். யாராவது மழைக்கு ஒதுங்கி உள்ளே உட்கார்ந்தால் அன்றைக்குச் சபை நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். ஜெபத்தை யாரும் வேண்டாம் என்றதில்லை, மாத்திரையோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொள்வார்கள். ஒருவர், இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி செய்ய வேண்டுமா, பின்னாடியா என்று அக்கறையாக விசாரித்தார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்காக உன் தேவனிடம் கேள் என்று தானாக வந்து கேட்ட ஆள் ஒருவர்கூட இல்லை.

அவர்களுக்கு அவர்கள் சாமி இருந்தது. விதைக்க, பெண் எடுக்க, மலையை விட்டு இறங்க, எல்லாவற்றுக்கும் அதனிடம் பூக் கேட்பார்கள். சாமியின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலப்பக்கப் பூ விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் ஆகாது. எதுவுமே விழாவிட்டால் அதுவும் பதில்தான், இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. மீறி அசைந்த ஆளை நான் பார்த்ததில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மும்முரமாக இருந்த வருஷம் அது. பக்கத்துக் குடிசைப் பெண்ணுக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. அறுத்து எடுத்தால்தான் தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள், அதற்குக் கள்ளக்குறிச்சிக்குத்தான் போக வேண்டும். விடிந்ததும் அவள் புருஷன் பூக் கேட்கப் போனான். நான் வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, வைத்த மாத்திரத்தில் வலப்பக்கப் பூ விழுந்துவிட்டது என்று ஓடி வந்தான். அவர்கள் சாமிக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். என்னை அனுப்பி வைத்த சபைக்கு இதை நான் எழுதவில்லை.

மூங்கிலில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, அவளை அதில் படுக்க வைத்து, அவனும் அவன் அண்ணன் தம்பிகளும் தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். கச்சிராயபாளையத்தில் ஒரு வேன் பிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் ரோடே இல்லை. இரண்டு பக்கத்துப் புளியமரங்களையும் வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். ஒரு மரத்துக்கு அப்பால் இன்னொரு மரம், கண்ணுக்கு எட்டிய மட்டும் அப்படித்தான். மறியல் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டிருந்தேன். பஸ்ஸைத்தானே நிறுத்துவார்கள், ஆத்திர அவசரத்துக்கு வழி விடுவார்கள் என்று இருந்துவிட்டேன்.

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த வாலிபர்கள் இறங்கி வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. படிப்பிலும் அரசாங்க வேலையிலும் தங்கள் சனத்துக்கு ஒரு பங்கு கேட்டு உட்கார்ந்தவர்கள். பல்கலைக்கழக இடத்துக்காகவே பிள்ளைகள் கொதித்துப்போன ஊரிலிருந்து வந்தவள் நான், அந்தக் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கத்தினேன். மரத்தை நகர்த்துங்கள், இவள் செத்துப்போவாள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர்களில் மூத்தவன் தூளிக்குள் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது.

"வெட்டிட்டோம்மா. இப்ப நாங்களே நெனச்சாலும் நவுத்த முடியாது. வண்டியும் கெடையாது, ஒண்ணியும் கெடையாது."

அவனும் கூட இருந்தவர்களும் கிளைகளைக் கழித்து ஆள் நுழைய வழி செய்தார்கள். தூளியை மரத்துக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தார்கள். அடுத்த மரம் வரை கூடவே வந்தார்கள், அதற்கடுத்த மரத்துக்கும் வந்தார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் முனகினாள். ஓரிடத்தில் துணியை விலக்கிப் பார்த்தேன். குழந்தையின் கை மட்டும் வெளியே வந்திருந்தது, நீலம் பாரித்துப்போய். விரலைத் தொட்டேன். அது என் விரலை லேசாகப் பிடித்தது. உயிர் இருந்தது. என் பையில் இருந்த எந்த மருந்தும் அதற்கு உதவாது.

அந்த இடத்தில்தான் புருஷன்காரன் தூளியை இறக்கச் சொன்னான். முன்னால் கிடந்த மரம் அதுவரை தாண்டியதிலெல்லாம் பெரியது. அவன் என் எதிரே வந்து கையைக் கூப்பினான்.

"எங்க சாமி மலைய வுட்டு எறங்காதுங்க. அதுக்கு எல்லை அடிவாரத்தோட சரி. இங்க நீங்கதான் உங்க சாமியக் கேக்கணும். போலாமா வாணாமான்னு கேளுங்கம்மா."

வருஷக்கணக்கில் நான் காத்திருந்த வார்த்தை. சந்தோஷப்படக்கூட நேரமில்லை. ரோட்டில் கொட்டிக் கிடந்த புளிய இலைமேல் முட்டி போட்டு, இவர்கள் இரண்டு பேரையும் காப்பாற்றும், வழியைத் திறந்துவிடும் என்று கெஞ்சினேன். ஆமென் சொல்லி எழுந்து, தூக்குங்கள் என்றேன். யாரும் தூக்கவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சொல்லுச்சும்மா?" என்றான்.

பேச்சு வந்த நாள் முதல் ஜெபித்தவள் நான். கேட்க வேண்டியதைக் கேட்பேன், எழுந்து என் வேலையைப் பார்க்கப் போவேன். நின்று பதில் வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

அவன் தலையாட்டினான். அண்ணன் தம்பிகளும் தலையாட்டினார்கள். பூ விழவில்லை, அவ்வளவுதான். தூளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. என் தேவன் பேசாமல் இருந்தால் போகாதே என்று அர்த்தமில்லை என்று விளக்கிச் சொன்னேன். அப்படியென்றால் போகச் சொல்கிறார் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள் என்று அவன் நிதானமாகக் கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மறியல்காரர்கள் தாங்கள் தூக்குவதாக முன்வந்தார்கள், அவன் விடவில்லை. நானே மூங்கிலின் ஒரு முனையைத் தோளில் வைத்து எழப் பார்த்தேன், முடியவில்லை. வெட்டாமல் விட்ட ஒரு மரம் ஓரத்தில் நின்றது. ஆண்டவரே, அதிலிருந்து ஒரு இலையையாவது இவன் பார்க்க விழச் செய்யும் என்று கேட்டேன். காற்றே இல்லை.

கடைசியில் பேசியவள் தூளிக்குள் கிடந்தவள். அதுவரை அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும்தான்.

"எந்தச் சாமியும் சொல்ல வாணாம். நான் சொல்றேன், தூக்கு."

தூக்கினார்கள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். குழந்தையை முகத்தையும் மூடித் துணியில் சுற்றி அவனிடம் கொடுத்தார்கள். ஆண் குழந்தை.

நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அழுகை என்பதைவிட அதைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உமக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று என் தேவனை வாய்விட்டே திட்டிக்கொண்டிருந்தேன். அவன் அந்தப் பொதியை மடியில் வைத்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என்னை ஏசப்போகிறான் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்க சாமியத் திட்டாதீங்கம்மா. அதுக்கு எங்களத் தெரியாது இல்ல. இன்னைக்கித்தான மொத தபா கேக்கறோம்."

அத்தனை வருஷமும் தினம் தினம் அவன் பெயரையும் அவள் பெயரையும் சொல்லித்தான் நான் ஜெபித்து வந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை.