அம்மாளுவுக்கு எத்தனை எம்?

பிள்ளைகளே, உங்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் தட்டியதும் திறக்க வேண்டும். நான் மூன்றாவது படித்தபோது முதலியார்பேட்டையில் பெரியம்மா வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. பொத்தானை அமுக்கிவிட்டுச் சோறு வடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அதைக் கொடுத்தனுப்பியது பாரீசில் இருந்த பெரியம்மாவின் மகள். கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று பெரியம்மா அவளோடு பேசுவதில்லை. பேரைக்கூடச் சொல்லமாட்டாள், "அவ" என்பாள். "அவ குப்பையக் கொட்ட என் வூடுதான் கெடச்சுதா?" என்று திட்டினாள். ஆனால் லேப்டாப்மேல் தூசி படிய விட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மகளின் குழந்தைக்கு அங்கே ஞானஸ்நானம். நாலு மணிக்கு வீடியோவில் காட்டுவதாக என் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். "யாரு பாக்கப் போறா?" என்ற பெரியம்மா, அன்று காலையிலேயே அரியாங்குப்பத்திலிருந்து மாமாவை வரவழைத்திருந்தாள். மாதா கோயில் பூசைப் பாட்டு கேட்க லேப்டாப் வேண்டுமாம். நானும் அம்மாவும் கூடப் போயிருந்தோம்.

மாமா ஒரு பென்டிரைவைச் செருகினார். "இந்த வயசுல இதுக்குப் பிரியாணி செரிக்காது. இனிமே கஞ்சிதான்." விண்டோஸுக்குப் பதில், பழைய மெஷினும் தாங்கும் இலேசான லினக்ஸைத்தான் கஞ்சி என்றார்.

"சாயங்காலத்துக்குள்ள ஆயிடுமாடா?"

"பூசைப் பாட்டுக்கு ஏன்க்கா சாயங்காலம்?"

பெரியம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

பாஸ்வேர்டு போடும் கட்டம் வந்ததும் அவளைக் கூப்பிட்டார். மாமா முகத்தைத் திருப்பிக்கொள்ள, பெரியம்மா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. ஏற்றி முடித்ததும் லேப்டாப் சிட்டாகப் பறந்தது. மாமா தன் பேரை அடித்துப் பார்த்தார். 'ஏ' அடித்தால் 'க்யூ' விழுந்தது. பிரான்சு கீபோர்டில் எழுத்துகளின் இடமே வேறு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கீபோர்டு அமைப்பைப் பிரெஞ்சுக்கு மாற்றி, பெருமையாக லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டார். பாஸ்வேர்டு தப்பு என்றது.

"நீ அடிச்சப்ப எழுத்து மாறி வுழுந்திருக்குக்கா. என்னா வார்த்தைன்னு சொல்லு, மாத்திப் போட்டுடலாம்."

"ஏதோ போட்டேன்."

"ஏதோன்னா?"

"சொல்ல முடியாது, போடா."

"அப்ப மொதல்லேருந்து ஏத்தணும். பூசைப் பாட்டு நாளைக்குத்தான்."

மணி நாலாகப் போனது. பெரியம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். என்னை இழுத்து, காதில் ஒரு வார்த்தை சொன்னாள். "வாயத் தொறக்கக்கூடாது. நீயே அடி."

மாமா மாறும் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார்: ஏ வந்தால் க்யூ, எம் வந்தால் அரைப்புள்ளி. அடித்தேன், திறக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் என்றாலே தகராறு. உரக்கக் கேட்டுவிட்டேன்.

"பெரியம்மா, அம்மாளுன்னா ஒரு எம்மா, ரெண்டு எம்மா?"

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. மாமா வாசலைப் பார்த்தார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினாள்.

திறந்துகொண்டது. மாமாவின் போன் நெட்டில், ஒரு சின்னத் தலையில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தோம். பிறகு அந்த மகளின் முகம் தெரிந்தது.

"புள்ள தலைய நல்லாத் தொவட்டுடி," என்றாள் பெரியம்மா.

கிளம்பும்போது மாமா கேட்டார், "வேற பாஸ்வேர்டு, சுளுவா ஒண்ணு போட்டுத் தரட்டாக்கா?"

"ஒண்ணும் வேணாம். அதுவே இருக்கட்டும்."

அம்மாளு யாரென்று வழியில் அம்மாவிடம் கேட்டேன். "பாரீசுல இருக்குற உங்க அக்காதாண்டா. சின்னதுல பெரியம்மா அப்படித்தான் கூப்புடுவாங்க," என்றாள். பெற்ற மகளைக் கூப்பிடும் பேருக்கு எதற்கு இத்தனை ஒளிவுமறைவு என்று எனக்கு விளங்கவில்லை. ரெண்டு எம் என்பது மட்டும் நன்றாக மனதில் நின்றது.