சுதாவைப் பிடித்த ஜப்பான்

காலை ஆறு பத்து. பதுளை பஸ் நிலையத்தில் பண்டாரவளை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறியதும் முதலில் கண்ணில் பட்டவை ஒரு பெண்ணின் உதடுகள். ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் வயர் மாட்டிக்கொண்டு, முன் சீட்டின் முதுகைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டுத் தலையை லேசாகக் குனிவாள். மறுபடி சொல்வாள். கொரிய மொழியா, ஜப்பான் மொழியா, எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டார். கண்டக்டர் டிக்கட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இதே காரியத்துக்குப் பேயோட்டும் கோடாங்கியைக் கூப்பிட்டார்கள்.

வெளியே கடையில் ரொட்டி சுடும் வாசனை. ரொட்டி என்றால் எனக்குத் தங்கை சுதாவின் கூப்பிய கைகள்தான் ஞாபகத்துக்கு வரும். தட்டில் ரொட்டியும் சம்பலும் இருக்க, அதைக் கும்பிட்டு ஒரு வார்த்தை முணுமுணுத்த பிறகுதான் பிய்ப்பாள். நான் பதுளையில் நிருபராகச் சேர்ந்த புதிது அது. நிருபர் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, அனுப்பிய செய்தியில் பாதி மண்சரிவு, மீதி குளவிக் கொட்டு. சனிக்கிழமைகளில் பூனாகலைப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்குப் போவேன்.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த பாக்கியம் அக்கா என்னை வழியிலேயே மறித்தாள்.

"தம்பி, ஒங்க தங்கச்சி பீலியில தண்ணியோட பேசுது. தண்ணி பதில் சொல்லுதான்னுதான் தெரியல."

மலை ஊற்றிலிருந்து தண்ணீர் வந்து விழும் பீலியில் லயமே வரிசையில் நிற்கும். அங்கே தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்த மாதிரி. வீட்டுக்கு வந்ததும் சுதாவைத் தனியாகப் பிடித்தேன்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"போன்ல ஒன்னோட பேசுறவன்."

"அண்ணே, நான் செவுரோட பேசுறேன். செவுர விசாரிங்க."

பிறகு சொன்னாள். பண்டாரவளைக்குத் தையல் வகுப்பு என்று போனது உண்மையில் ஜப்பான் மொழி வகுப்புக்கு. வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை. பரீட்சை பாஸானால் போகலாம். "படிச்சு மனப்பாடம் பண்ணாத, செய்யிறத வாயால சொல்லிக்கிட்டே செய்" என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் தண்ணீர் பிடிக்கும்போது தண்ணீர் பிடிக்கிறேன், மா பிசையும்போது மா பிசைகிறேன் என்று ஜப்பான் மொழியில் சொல்லிக்கொள்வாள். அவளுக்குச் சமையலில் பைத்தியம். போனில் ஜப்பான்காரர்கள் சமைப்பதைப் பார்த்துப் பார்த்து, எங்கள் வெங்காயத்தை அவர்கள் பாஷையில் நறுக்கினாள்.

எனக்குச் சந்தேகம் போகவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் காட்டி "இது என்ன, அது என்ன" என்று கேட்டேன். பட்பட்டென்று பதில் வந்தது. அவள் புளுகியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். எங்கள் பக்கத்தில் விசா கைக்கு வரும்வரை வெளிநாட்டுப் பேச்சை வெளியே விடமாட்டார்கள். கண் பட்டுவிடும். அம்மா காதில் விழுந்தால் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அன்றைக்கே விழுந்துவிடும்.

ஆனால் சுதா அந்த இடத்திலேயே காரியத்தைக் கெடுத்தாள். ஒருநாள் கொழுந்தை நிறுத்து முடித்ததும், பழக்க தோஷத்தில் கணக்கப்பிள்ளைக்கு இடுப்பு வரை குனிந்து வணக்கம் போட்டாள். அவர் இரண்டடி பின்வாங்கினார். "இந்தப் புள்ளைய வீட்டுக்குக் கூட்டிப் போங்கம்மா" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

நான் வீட்டில் இருந்த ஒரு ஞாயிறு மத்தியானம், அம்மா கூப்பிட்டனுப்பிய கோடாங்கி வந்தார். அடுத்த ஞாயிறு கொழும்பில் பரீட்சை. அவர் கையில் காப்புக் கயிறு கட்டினால் ஒரு மாதத்துக்கு ஆறு தாண்டக்கூடாது. தோட்டத்தை விட்டு வெளியேறும் ரோட்டில் முதல் வளைவிலேயே ஆறு. நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சுதா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

உடுக்கு அடித்தார். விபூதி போட்டார். வேப்பிலையால் தோளில் தட்டினார்.

"யாரு நீ? எந்த ஊரு?"

சுதா முகத்தில் விழுந்த விபூதியைத் துடைத்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்: "ஜப்பான்."

உடுக்கு நின்றது.

"அம்புட்டுத் தூரத்துலேருந்து எதுல வந்துச்சு?" என்றாள் பாக்கியம் அக்கா பின்னாலிருந்து.

"பேசு, பாப்போம்" என்றார் கோடாங்கி.

சுதா பேசினாள். மூச்சு விடாமல் பேசினாள். வாசலில் நின்ற கூட்டம் ஓர் அடி பின்னுக்குப் போனது. காலையில் எழுந்தேன், தண்ணீர் பிடித்தேன், ரொட்டி சுட்டேன், வேலைக்குப் போனேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அதைப் பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

"இது நம்ம உடுக்குக்குக் கட்டுப்படாது" என்றார் கோடாங்கி. "வந்த வழியாத்தான் போவணும். எப்ப போற?"

"வார ஞாயித்துக்கெழம கொழும்புல பரீச்ச. பாஸானா போயிருவேன்."

"பெயிலானா?"

"இங்கதான் இருப்பேன்."

அம்மா கைகூப்பினாள். "ஐயோ, பாஸாகட்டும் சாமி!"

காப்புக் கட்டவில்லை. ஆனால் கோடாங்கி தொழிலை அரைகுறையாக விடுகிறவர் அல்ல. "போனா திரும்பி வரமாட்டேன்னு மூணு தடவ சத்தியம் பண்ணு" என்றார். சுதா அம்மாவைப் பார்த்தாள். ஒருதடவை சொன்னாள். இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கோடாங்கி போதும் என்று கையைக் காட்டினார்.

அவருக்கு விஷயம் தெரிந்திருக்குமோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். பேயிடம் பெயிலானால் என்ன செய்வாய் என்று கேட்ட கோடாங்கியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது என்று நான் நம்பவில்லை. அவளேதான் ரொட்டி கட்டிக்கொண்டு சுதாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போனாள். பரீட்சை மண்டப வாசலில் தோளைப் பிடித்து, "ஒழுங்கா எழுது" என்றாளாம். மகளிடம் சொன்னாளா, மற்றதிடம் சொன்னாளா?

சுதா பாஸானாள், போனாள். இப்போது பீலி வறண்டு கிடக்கிறது. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. பாக்கியம் அக்கா மகன் கட்டிய தனி வீட்டுக்குப் போய்விட்டாள். கோடாங்கி இறந்துபோனார், அவருக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் யாரும் உடுக்கை எடுக்கவில்லை. வாயால் சொல்லிக்கொண்டே வெங்காயம் நறுக்க எங்கள் குசினியிலும் ஆளில்லை.

சுதா ஞாயிறுகளில் வீடியோவில் பேசுவாள். சாப்பிட்டியா, அங்க குளிரா என்று அம்மா கேட்பாள். எப்போது வருவாய் என்று இதுவரை ஒரு தடவையும் கேட்டதில்லை.