"தெரியாது" என்று சொல்ல மாதா தந்த வாய்

காப்பியடித்தாள் என்று பிடிபட்டவள் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் கல்லூரிக்குப் புறப்படும் நம் கோயில் பங்குப் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் இரண்டு வருஷ இன்டர்மீடியட் போய் ஒரு வருஷ பி.யூ.சி. வந்த புதிது. ஆவூர்ப் பக்கம் எங்கள் கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான். திருச்சியில் ஒரு கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கினேன். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்பு?" என்று கேட்காத வாய் ஊரில் இல்லை.

வகுப்பில் எல்லாமே இங்கிலீஷ். ஒன்றும் விளங்கவில்லை. கேட்டால் சிரிப்பார்களே என்று வாயைத் திறக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த படிப்பு ஒன்றே ஒன்றுதான். எங்கள் கோயில் ஞானோபதேச வகுப்பில் வேதம் சொல்லித்தரும் உபதேசியார் கேள்வி கேட்பார். ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும், பிசகினால் காது சிவந்துவிடும். அதே மாதிரி சரித்திரப் புத்தகத்தையும் முழுசாக விழுங்கினேன்.

முதல் டெர்ம் பரீட்சையில் அப்படியே கக்கி வைத்தேன். "எதிர்ப்பக்கத்துப் படத்தைப் பார்க்க" என்ற இங்கிலீஷ் வரியைக்கூட விடவில்லை. விடைத்தாளில் ஏது படம்? விரிவுரையாளர் அம்மா அந்த வரியை உரக்கப் படித்தார். வகுப்பே சிரித்தது.

"மடியில புத்தகத்த வச்சு எழுதியிருக்கே. வெள்ளிக்கிழமை அப்பாவோட வந்து பிரின்சிபாலைப் பாரு. இல்லேன்னா டி.சி. வாங்கிக்க."

பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதேன். அப்பா கடலைக் கொல்லையில் நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"பாத்து எழுதுனியா?"

"இல்லப்பா."

"அப்ப வெள்ளிக்கெழம போவோம். நீ ஏன் அழுகுற?"

ஆனால் எப்படி நிரூபிப்பது? நான் டி.சி. வாங்கி வந்தால் என்னோடு முடியாது. எங்கள் ஊரில் அப்புறம் எந்தப் பெண்ணையும் அனுப்ப மாட்டார்கள்.

மத்தியானம் கோயிலுக்குப் போனேன். ஆளில்லை. முக்காடு போட்டுக்கொண்டு மாதா முன்னால் முழங்காலிட்டேன். உருகி மன்றாடினேன் என்று எழுதினால் அது பொய். சண்டைதான் போட்டேன். "நான் திருடலை. ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா நிப்பியா? நீ வழி காட்டாம நான் எந்திரிக்க மாட்டேன்."

பிறகு ஜெபமாலை சொல்லத் தொடங்கினேன். பத்துப் பத்தாகச் சொல்லும் மந்திரத்தில் மூன்றாம் பத்தின் பாதியில் திடுக்கிட்டேன். வாய் தன்பாட்டுக்கு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. மனசோ பிரின்சிபால் அறையில் நின்றது. நினைப்பே இல்லாமல் வாய் இத்தனையும் சொல்கிறதே, சரித்திரப் புத்தகத்தையும் இப்படித்தானே சொல்லும், இதைவிட வேறு அத்தாட்சி எனக்கு எதற்கு? அடுத்த நிமிடமே வெட்கமாகவும் இருந்தது. சொல்வதன் பொருளை நான் நினைத்து எத்தனை நாளாயிற்று! மாதா எனக்கு வழியும் காட்டினாள், தலையில் ஒரு குட்டும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அப்பாவோடு போய்ப் பிரின்சிபால் அம்மாவிடம் புத்தகத்தை நீட்டினேன். "எந்தப் பக்கத்தையாவது தொறந்து மொத வரிய மட்டும் படிங்கம்மா."

அவர் படித்தார். மீதிப் பக்கத்தை நான் சொன்னேன். இன்னொரு பக்கம் திறந்தார். அதையும் சொன்னேன். பக்கத்தில் நின்ற விரிவுரையாளர் அம்மாவின் முகம் மாறியது.

"போதும். நீ காப்பியடிக்கலை," என்றார் பிரின்சிபால். "சரி, இப்ப சொன்னதுக்கு என்ன அர்த்தம்?"

பழைய நானாக இருந்தால் தரையைப் பார்த்திருப்பேன். அன்று எங்கிருந்தோ தைரியம் வந்தது. "தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு இங்கிட்டு வாரேன்? சொல்லிக் குடுங்க."

விரிவுரையாளர் அம்மாதான் பதில் சொன்னார்: "திங்கட்கிழமை வந்து முதல் பெஞ்சுல உக்காரு. புரியலேன்னா கையைத் தூக்கு."

தூக்கினேன். தினமும் தூக்கினேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம், சிரித்தவர்களே பின்னாலிருந்து முதுகைக் கிள்ளி, "எனக்கும் புரியலைடி, நீ கேளு," என்றார்கள். பாஸ் செய்தேன், மேலே படித்தேன். இன்று கீரமங்கலத்துப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஜெபமாலையையும் இப்போது நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக நினைத்துத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளே, புரியாததற்குத் தலையாட்டாதீர்கள். சிரிப்பவர்கள் யாரும் உங்கள் பரீட்சையை எழுதித் தரப்போவதில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பத் தோன்றினால், மாதாவிடம் போய் மனசில் உள்ளதைக் கொட்டுங்கள். சண்டை போட்டாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். மறுநாள் வகுப்புக்குப் போய்க் கையைத் தூக்குங்கள்.

இந்த வருஷம் எங்கள் கிராமத்திலிருந்து மூன்று பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். இம்புட்டுப் படிப்பு எதுக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சர்வேசுரனுக்கு நன்றி சொல்ல எனக்கு இது போதும்.