பால்ச்சாமி கப்பலில் சாப்பிடப் போனது

திருச்சுழி சர்க்கார் ஆபீஸ் வாசலில் பால்ச்சாமி உட்காருவதற்கென்று ஒரு முக்காலி உண்டு. இருபத்தேழு வருஷத்தில் அதில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். உட்காரலாம் என்று இடுப்பை வளைக்கும்போதுதான் உள்ளே மணி அடிக்கும். மணி அடிக்காத நேரத்தில் ஆபீசரே வெளியே வந்துவிடுவார். ஆபீசர் முகாம் போன நாளில் யாராவது மனுக்கட்டைக் கொண்டுவந்து முக்காலியில் வைத்திருப்பார்கள். மனுக்கட்டை இறக்கிவிட்டு உட்காருகிற துணிச்சல் அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

"நின்னு நின்னு யய்யா ஒரு சாண் கூட வளந்துட்டாக" என்பாள் மகள் மாரிக்கனி. அவள் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனாலும், வாய் மட்டும் பத்து, பதினொன்று என்று பாஸாகிக்கொண்டே போனது.

அந்த வேலை அவருக்குக் கிடைத்ததே ஒரு சைக்கிளால். நாற்பத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி மழையில், அப்போதிருந்த ஆபீசர் குறுக்கு வழி என்று கரிசல் காட்டுப் பாதையில் சைக்கிளை விட்டார். கரிசலுக்கு ஆபீசர், கூலிக்காரன் என்ற பேதமெல்லாம் தெரியாது. சக்கரத்தை மட்கார்டு வரைக்கும் விழுங்கிவிட்டது. பக்கத்துப் புஞ்சையில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த பால்ச்சாமி வந்து சைக்கிளைப் பிடுங்கி, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திருச்சுழிக்கு நடந்தார். ஆபீசர் பூட்ஸைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தார். அடுத்த மாதமே பால்ச்சாமிக்கு டவாலி உத்தியோகம். முழங்கால் வரைக்கும் வெள்ளைக் கோட்டு, சிவப்புப் பட்டை, பட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லை.

அவர் வம்சத்தில் அதுவரை யாரும் சட்டை போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடந்ததில்லை. கோட்டோடு வந்த முதல் நாள் புஞ்சைக்காரர் ஒருவர் வழிமறித்தார்.

"ஏலே பால்ச்சாமி, என்னலே இது வேசம்?"

"நா போடல சாமி. கவுருமெண்டு போட்டுவிட்டிருக்கு."

கவர்மெண்டு போட்டுவிட்டதை யார் கழற்றச் சொல்ல முடியும்? புஞ்சைக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கோட்டுதான் பால்ச்சாமிக்குச் சட்டை, குடை, கோட்டைச் சுவர் எல்லாம். மகனுக்குச் சின்னத்துரை என்று பேர் வைத்த துணிச்சல்கூடக் கோட்டுக்குள் இருந்ததால் வந்ததுதான்.

அந்தச் சின்னத்துரை விருதுநகரில் பாலிடெக்னிக் படித்து, ஒரு சரக்குக் கப்பலில் கரண்டு வேலைக்குப் போய், கொஞ்ச நாளில் ஆபீசர்களோடு ஒரே மேசையில் சாப்பிடுகிற இடத்துக்கு வந்துவிட்டான். எழுபத்தாறாம் வருஷம் தைப்பொங்கல் கழிந்து அவனிடமிருந்து கடுதாசி வந்தது. மாரிக்கனிதான் வாசித்தாள்.

"கம்பெனி ஆரம்பித்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. எங்கள் குடும்பத்தாரைக் கப்பலில் ஏற்றித் தூத்துக்குடியிலிருந்து கடலுக்குள் கூட்டிப்போய், ஒரு ராத்திரி தங்கவைத்து மறுநாள் மத்தியானம் இறக்கி விடுவார்கள். ராத்திரி பெரிய விருந்து. கப்பலில் வாந்தி எடுப்பவர்களைக் கடலில் தூக்கிப் போட்டுவிடுவார்கள்."

"அய்யய்யோ" என்றாள் பால்ச்சாமியின் சம்சாரம் அழகுத்தாய்.

"அது நாஞ் சேத்தது. இனிமே உள்ளத வாசிக்கேன்." மாரிக்கனி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "விருந்தில் கேப்டன் எங்கள் மேசையில்தான் இருப்பார். அய்யா என் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். சாப்பாட்டு ஹாலுக்குள் வேட்டி கட்டி வரக்கூடாதாம். அய்யா ஒரு பேண்ட்டு தைத்துக்கொள்ளவும்."

கடைசி வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார் பால்ச்சாமி. மறுபடி வாசித்தபோதும் பேண்ட்டு என்றுதான் இருந்தது.

"ஆபீசருக இருக்கயில நா எப்பிடிம்மா உக்கார?" என்றார்.

"அவுக ஆபீசருன்னா ஒங்க மகனும் ஆபீசரு. மடக்குன்னு உக்காரணும், அம்புட்டுதான்" என்றாள் அழகுத்தாய்.

"வீட்டுல உக்காந்து பழகுங்க யய்யா" என்று மாரிக்கனி பக்கத்து வீட்டு ஸ்டீல் நாற்காலியை இரவல் வாங்கி வந்தாள். பால்ச்சாமி அதன் நுனியில், தேள் இருக்கிற இடத்தில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தார். சாய்ந்தால் விழுந்துவிடுவோம் என்று பயம். ஏழெட்டு நாளில் பாதி நாற்காலி வரைக்கும் முன்னேறினார். ஒருநாள் நன்றாகச் சாய்ந்தே விட்டார். அன்றைக்கு ரெண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். அதைப் பார்த்து அழகுத்தாய் அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்திக்கொண்டாள். புகை என்றாள்.

பேண்ட்டுக்கு அளவு எடுத்தது பஸ் ஸ்டாண்டு டெய்லர் சங்கரலிங்கம்.

"அண்ணே, வேட்டியக் கொஞ்சம் எளக்குங்க. இடுப்பு அளவு எடுக்கணும்."

"பஜாருல வச்சா? பொம்பளைக போற வார எடத்துல நா வேட்டிய எளக்கணுமாக்கும்? மேலயே எடு."

"மேல எடுத்தா சரிவராதுண்ணே."

"எடுய்யான்னா."

சங்கரலிங்கம் மேலேயே எடுத்தார். அந்த மேலே என்பதில் என்னவெல்லாம் இருந்தது என்றால், வேட்டியின் நாலு சுற்று, அதை உருட்டிச் செருகிய மடி, மடிக்குள் வெற்றிலைச் சுருக்குப் பை, பொடி டப்பா, அதற்கும் உள்ளே அவர் யாரிடமும் கொடுக்காத ஆபீஸ் சாவிக்கொத்து. டேப்பு நாற்பத்தொன்று காட்டியது.

"என்னண்ணே இது, பாத்தா முருங்கக்கா கணக்கா இருக்கீக, இடுப்பு நாப்பத்தொண்ணு வருது?"

"கவுருமெண்டு சோறுல்ல" என்றார் பால்ச்சாமி, கொஞ்சம் பெருமையாகவே.

தைத்து வந்த பேண்ட்டைப் போட்டுப் பார்க்கலாம்தான். மாரிக்கனி தினமும் சொன்னாள். ஆனால் கோடித் துணியை ஒருதரம் உடுத்திக் களைந்துவிட்டால் அப்புறம் அது பழந்துணி. மகன் பக்கத்தில் முதன்முதலாக உட்காரப்போகிறவர் பழந்துணியிலா போய் உட்காருவார்? அழகுத்தாய் பேண்ட்டு மூலையில் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அப்படியே தகரப்பெட்டிக்குள் போட்டாள். அதோடு கோட்டையும் பட்டையையும் வைத்தார் பால்ச்சாமி.

"இது எதுக்கு? அங்கயும் போயி மணி அடிச்சா ஓடவா?"

"சர்க்கார் சொத்து புள்ள. வீட்டுல போட்டுட்டு வரமுடியுமா? களவு போனா யாரு பதில் சொல்றது?"

அருப்புக்கோட்டையில் பஸ் மாறித் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் ஏறும்போதும் அவர் வேட்டியில்தான் இருந்தார். சின்னத்துரை அவர்களுக்கு ஒரு சின்ன அறையைக் காட்டி, ஏழரை மணிக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். போகும்போது திரும்பி வந்து, "அய்யா, ஒங்க நாற்காலி எங்கூடத்தான். சன்னலோரம். கடலு தெரியும்" என்றான். வளர்ந்த பிறகு மகன் அப்படிச் சிரித்து அழகுத்தாய் பார்த்ததில்லை.

ஏழு மணிக்குப் பால்ச்சாமி பேண்ட்டுக்குள் இறங்கினார். இறங்கினார் என்பதுதான் சரி. இன்னொரு பால்ச்சாமிக்கும் அதில் இடம் இருந்தது. கையை எடுத்ததும் பேண்ட்டு அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கணுக்காலுக்குப் போய்விட்டது.

மாரிக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபோது மணி ஏழே கால். ஊக்கு குத்திப் பார்த்தாள் அழகுத்தாய். ஊக்கு வளைந்தது. கயிறு தேடினார்கள். சின்னத்துரை வந்து கதவைத் தட்டினான்.

"நீங்க போங்க, நா வாரேன்" என்று உள்ளேயிருந்து சொன்னார் பால்ச்சாமி. இந்தக் கோலத்தை மகன் பார்த்துவிடக் கூடாது. "அம்மாவயும் தங்கச்சியயும் கூட்டிட்டுப் போய்யா. பெறத்தாலயே வந்துர்றேன்."

அவர்கள் போன பிறகு பெட்டியைத் திறந்தார். சிவப்புப் பட்டையை இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார். பேண்ட்டு நின்றது. ஆனால் இடுப்பில் மூட்டைக்கு வாய் கட்டின மாதிரி கொசகொசவென்று துருத்திக்கொண்டிருந்தது. மேலே கோட்டைப் போட்டார். துருத்தல் மறைந்தது. பட்டை தெரியாத கோட்டு அவருக்குப் பழக்கமில்லை; அதை உருவி, பேண்ட்டையும் சேர்த்துப் பிடிக்கும்படி கோட்டுக்கு மேலேயே இறுக்கிக் கட்டினார். இப்போது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பித்தளை வில்லையைக் கையில் எடுத்தவர், யோசித்து, பெட்டிக்குள் திரும்ப வைத்தார். லீவில் இருக்கும்போது வில்லை குத்திக்கொள்ளக் கூடாது. ரூல் அப்படி.

சாப்பாட்டு ஹால் வாசலில் போய் நின்றார். உள்ளே கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். மேசைகளுக்கு நடுவே பரிமாறுகிறவர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் வெள்ளைக் கோட்டு. எல்லார் இடுப்பிலும் சிவப்புப் பட்டை. அதைக் கண்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போக ஒரு அடி எடுத்து வைத்தார்.

"ஏலே! தூத்துக்குடிலேர்ந்து எட்டு ஆளு கேட்டா ஏழு ஆள அனுப்பிருக்கான்னு பாத்தேன். நீதானா அது? இப்பத்தான் வாரியா?"

பெரிய பட்லர். வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். பால்ச்சாமி வாயைத் திறந்தார். நான் சின்னத்துரையின் அய்யா. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அதற்குள் சோற்றுப் பாத்திரமும் தண்ணீர்க் கூஜாவும் வைத்த ஒரு பெரிய தட்டு அவர் கைக்கு வந்துவிட்டது. கைக்கு வந்த பொருளை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று மட்டும்தான் இருபத்தேழு வருஷமாக அவருக்குக் கேட்கத் தெரியும்.

"எங்கங்கய்யா கொண்டு போகணும்?"

"மொத மேச. கேப்டன் மேச. சிந்திராத."

சின்னத்துரையின் முதுகு தெரிந்தது. அவனுக்கு எதிரே சுங்குடிச் சேலையில் அழகுத்தாய், பக்கத்தில் மாரிக்கனி. தலைமாட்டில் வடக்கத்திக்காரர் மாதிரி சிவந்த கேப்டன். சின்னத்துரைக்குப் பக்கத்தில், சன்னலோரம், ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் ஒரு தட்டும், கண்ணாடித் தம்ளரும், கூம்பு மாதிரி மடித்த துணியும் காத்திருந்தன.

கேப்டன் விரலைச் சொடுக்கித் தம்ளரைக் காட்டினார். பால்ச்சாமி தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்போதுதான் சின்னத்துரை நிமிர்ந்து பார்த்தான்.

மாரிக்கனி களுக்கென்று சிரிக்க ஆரம்பித்து, அண்ணன் முகத்தைப் பார்த்து, சிரிப்பைப் பாதியிலேயே விழுங்கினாள். அழகுத்தாய் எழுந்திருக்கப் போனாள்.

"இந்தாருங்க..." என்றாள் மெதுவாக.

பால்ச்சாமி கண்ணாலேயே அவளை உட்கார வைத்தார். குனிந்து அவள் தட்டில் சோறு வைத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளுக்குச் சோறு போடுவது அதுதான் முதல் தடவை. அவள் தட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

இப்போது உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவர் நினைத்துப் பார்க்காமல் இல்லை. கேப்டன் திடுக்கிடுவார். தன் கீழ் வேலை பார்க்கிற பையனின் அப்பனைச் சொடுக்குப் போட்டுக் கூப்பிட்டது அவருக்கு உறைக்கும். நாளையிலிருந்து அந்த முகத்தில் தினமும் முழிக்க வேண்டியவன் சின்னத்துரை. பட்லர் ஓடி வருவார். ஹாலே திரும்பும். நாலு எட்டில் இருக்கிற நாற்காலிதான். கரிசலில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்த தூரம்கூட இத்தனை தூரமாக இல்லை.

கேப்டன் காலி நாற்காலியைக் காட்டி மகனிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ஃபாதர் என்பது மட்டும் பால்ச்சாமிக்குப் பிடிபட்டது.

சின்னத்துரை அவரைப் பார்த்தான். பால்ச்சாமி தலையை லேசாக, ரொம்ப லேசாக, இட வலமாக ஆட்டினார்.

சின்னத்துரை கேப்டன் பக்கம் திரும்பிப் பதில் சொன்னான். அதில் ஃபீவர் என்று வந்தது. லீவு லெட்டர்களை மேசைக்கு மேசை சுமந்து சுமந்து பால்ச்சாமிக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. அதைக் கேட்டதும் அவருக்கு அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததே, அதை மட்டும் பின்னால் எந்த நாளிலும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கேப்டன் வருத்தமாக உச்சுக்கொட்டினார். நல்ல மனுஷர்தான். பிறகு பால்ச்சாமியைப் பார்த்து, காலி நாற்காலியின் முன்னால் இருந்ததை எடுத்துப் போகச் சொல்லிக் கையை அசைத்தார்.

பால்ச்சாமி துணியை எடுத்தார். தம்ளரை எடுத்தார். தட்டை எடுக்கக் குனிந்தபோது அது வரவில்லை. மேசை விளிம்போடு சேர்த்து, சின்னத்துரையின் கட்டைவிரல் அதை அழுத்திப் பிடித்திருந்தது. வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டிருந்தது நகம்.

"விடுங்க சார்" என்றார் பால்ச்சாமி.

அவன் விட்டான்.