நான் தின்ற நாலு டாக்டர்கள்

டாக்டரம்மா ராஜாத்தி போய்விட்டார் என்று செய்தி வந்தபோது நான் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தேன். என் மருமகள் மா ஏ கைப்பேசியோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள். “மாமா, நம்ம ஸயாமா...” என்று தமிழில் தொடங்கியவள், மிச்சத்தைப் பர்மியத்தில் சொன்னாள். டாக்டரம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். வெளியே தூறல். பசுண்டாங் ஓடையின் அக்கரை தெரியவில்லை. எங்கள் தாகேதா ஊரே கட்டவிழ்ந்து மெல்ல மிதந்து போவதுபோல இருந்தது. வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருக்கிறேன். பசு என் தோளை முட்டிப் பிடுங்கித் தின்ற பிறகுதான் நினைவு வந்தது.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். எனக்கு எழுத வராது, சீண்டத்தான் வரும். அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்த ஆண்பிள்ளைக் குடையும் அதைவிட நீளமான நாக்கும் நினைவிருக்கும். முதல் தடவை என் மாட்டைப் பார்க்க வந்தபோது, “பொம்பளை டாக்டரா? மாடு வெக்கப்படுமே” என்றேன். மாட்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, மாட்டுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் வாய்க்கொழுப்பு. அதுக்கு என்கிட்ட ஊசி கிடையாது.”

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு வேலை வந்தது. கடலுக்கு நடுவில் ஒரு குட்டி நாடு. பெயரைச் சொன்னால் எனக்கு நாக்கு சுளுக்கும். அந்த நாட்டுக்கு எத்தனை கால்நடை டாக்டர்கள் வேண்டும், அவர்களை எங்கே படிக்க வைப்பது, எந்தத் தீவில் யாரை வைப்பது என்று திட்டம் போட்டுத் தர வேண்டும்.

பஸ் நிறுத்தத்து டீக்கடையில்தான் அந்த நாட்டை நான் முதலில் பார்த்தேன். நான்பியா ரொட்டியை நாலாகப் பிய்த்துத் தட்டில் பரப்பினார். அவை தீவுகள். ஒவ்வொன்றின்மேலும் ஓர் அவித்த பட்டாணி. அவை டாக்டர்கள்.

“எப்படிண்ணே என் திட்டம்?”

ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டேன். “இவரு படிக்கப் போன ஊருலயே வேலையப் பாத்துக்கிட்டாரு.” இன்னொன்று. “இந்தப் பொண்ணு கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிருச்சு.” மூன்றாவது. “இவருக்கு ஒரு நல்ல டீ கெடைக்கல.” கடைசி. “இவருக்குத் தீவுல பேச ஆளில்ல. அழுதுகிட்டே கப்பல் ஏறிட்டாரு.”

வழக்கமாக என் கையில் ஓர் அடி விழும். அன்று விழவில்லை. காலியான தீவுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிஜமாவே அப்படித்தாண்ணே நடந்திருக்கு. அனுப்பின பிள்ளைங்க யாரும் திரும்பல. நான் போயிருந்தப்ப, கடைசித் தீவுல ஒரு அம்மாவப் பாத்தேன். பன்னியெல்லாம் செத்து முடிஞ்சப்புறம்தான் டாக்டர் படகு வந்துச்சாம். டாக்டர் எப்ப வருவாருன்னு அவங்க என்னைக் கேக்கல. யாரு வருவான்னு கேட்டாங்க.”

பிறகு கொஞ்ச நாள் அவரைக் காணவில்லை. ஒரு காலையில் நேராகக் கொட்டகைக்கு வந்தார்.

“நான் ஊர்ல இல்லாதப்ப உங்க மாடு படுத்தா யாரு வருவா?”

“சாமி வரும்.”

“சாமிக்கு வயித்துல இருக்கிற கன்னுக்குட்டியத் திருப்பிப் போடத் தெரியுமா?” என்றவர், வாளி கழுவிக்கொண்டிருந்த மா ஏயைப் பார்த்தார். “இவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்களே?”

“நாப்பது வயசாச்சு. என் மகனையே சகிச்சுக்கிட்டு இருக்கா. இனிமே எங்க ஓடுவா?”

அந்தத் தீவுகளுக்கான பாடமெல்லாம் முதலில் என் கொட்டகையில், மா ஏயை வைத்துத்தான் நடந்தது. காய்ச்சல் பார்ப்பது, புண் கழுவுவது, தடுப்பூசி போடுவது, கன்று எடுப்பது. எப்போது கை வைக்கக் கூடாது, எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதற்குத்தான் அதிக நாள் ஆனது. மா ஏ புரியவில்லை என்று சொன்ன இடத்தையெல்லாம் டாக்டரம்மா திருத்தி எழுதினார். அங்கே இதைப் படிக்கப் போகிறவர்கள் தீவுக்கு இரண்டு பேர், வீடும் வாசலும் உள்ளவர்கள், ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்தவர்கள்.

அங்கே பெரிய அதிகாரிகள் முகம் சுளித்தார்களாம், படிக்காதவர் கையில் ஊசியா என்று. “டாக்டரும் வருவாரு. வருஷத்துக்கு ஒருத்தரா மாறி மாறி வருவாரு, யாரையும் தனியா வாட விடமாட்டேன். ஆனா படகு வர்ற வரைக்கும் பன்னி காத்திருக்காதுங்க” என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

போய்வந்த கதையைச் சொல்லும்போது குரல் தணிந்துவிடும். சாயங்காலம் ஆடுகளெல்லாம் கரைக்கு வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்குமாம். எதற்கு என்று கேட்டேன். “தெரியலண்ணே. நானும் கூட நின்னு பாத்தேன்” என்றார். அதற்குப் பிறகு என் கனவில் ரொட்டித் தீவுகள் மிதக்கும். குடையை ஊன்றிக்கொண்டு அவர் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குத் தண்ணீர்மேல் நடந்துபோவார். ஆடுகள் தலை திருப்பிப் பார்க்கும்.

போன மாதம், நோயில் விழுந்து படுக்கையிலிருந்தபடி கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். தோளில் மருந்துப் பெட்டி மாட்டிய ஒரு பெண், பக்கத்தில் பன்றி. இரண்டில் பன்றிதான் அழகாகச் சிரித்தது என்றேன்.

“யாரு வருவான்னு கேட்டாங்கல்ல, அந்த அம்மா. இப்ப அவங்கதான் வர்றாங்க” என்றார்.

அவர் போன ஏழாம் நாள் விடியலில் என் சிவப்புப் பசு கன்று போட முடியாமல் தவித்தது. பழக்கம் விடவில்லை. கைப்பேசியை எடுத்து அவர் எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“யாருக்கு மாமா போடுறீங்க?” என்றாள் மா ஏ. தோள் வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவியிருந்தாள். நான் வாலைப் பிடித்துக்கொண்டேன். வெயில் வருவதற்குள் கன்று பிறந்து எழுந்து நின்றுவிட்டது.

பிறகு டீக்கடைக்குப் போனேன். ரொட்டியைத் தின்றேன், பட்டாணியைத் தின்றேன். ஒன்றை மட்டும் தட்டில் விட்டேன். கடைக்காரர் கோ மோ, வயிறு சரியில்லையா என்று கேட்டார்.

“இல்லப்பா. அவங்க ஒருத்தராவது இங்கயே இருக்கட்டும்” என்றேன்.